எந்த லினக்ஸ், எத்தனை ஆண்டுகளுக்கு?

புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியில் எந்த லினக்ஸ் வழங்கலை நிறுவலாம் என்று ஆய்வகத்தில் கேட்டால், அங்கே எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை விடைகள் கிடைக்கும். மூத்த மாணவர் உபுண்டு என்பார். கணினி மையத்துப் பொறியாளர் ராக்கி லினக்ஸ் என்பார். விடுதியின் பக்கத்து அறைக்காரரோ ஆர்ச் லினக்ஸைத் தவிர மற்றவை எல்லாம் விளையாட்டுப் பொருள்கள் என்று அடித்துச் சொல்வார். பேச்சு விரைவில் திரையின் அழகுக்கும், கணினி விழித்தெழ எத்தனை நொடி ஆகிறது என்பதற்கும், எது உண்மையான லினக்ஸ் என்ற குலச்சண்டைக்கும் திரும்பிவிடும். முனைவர் பட்ட ஆய்வு முடிய எத்தனை ஆண்டுகள் ஆகும் என்ற கேள்வி மட்டும் எழாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆய்வு உதவித்தொகை முதல் 2 ஆண்டுகள் இளநிலை, அடுத்த 3 ஆண்டுகள் முதுநிலை என மொத்தம் 5 ஆண்டுகளுக்கு வருகிறது. ஆய்வேடு பலருக்கும் அதற்குப் பிந்தியே முடிகிறது. இயங்குதளத்துக்கும் இப்படி ஓர் ஆயுட்காலம் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் செய்யப்படும் தேர்வு, எவ்வளவு நீண்ட விவாதத்துக்குப் பின் செய்யப்பட்டாலும், குருட்டுத் தேர்வே.

இந்தப் பாடம் 2020 டிசம்பர் 8 அன்று உலகெங்கும் உள்ள ஆய்வகங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ரெட்ஹாட் நிறுவனம் கட்டணத்துக்கு வழங்கும் லினக்ஸின் மூலநிரலை எடுத்து மீளத் தொகுத்து இலவசமாக வழங்கிவந்தது சென்ட்ஓஎஸ். பல்கலைக்கழகங்களின் கிளஸ்டர்கள் பலவும் அதன் மீதே நின்றன. இந்தியாவில் தேசிய மீக்கணினித் திட்டத்தின் கீழ் அமைந்த பரம் வரிசைக் கணினிகள் சிலவற்றிலும் சென்ட்ஓஎஸ் 7 இயங்கியது. 2019 செப்டம்பரில் வெளிவந்த சென்ட்ஓஎஸ் 8, 2029 வரை பராமரிக்கப்படும் என்றே அனைவரும் நம்பியிருந்தனர். அந்த டிசம்பர் நாளில், 8ஆம் பதிப்பின் பராமரிப்பு 2021 இறுதியோடு நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. எட்டு ஆண்டுகள் ஒரே அறிவிப்பில் கரைந்தன. இதில் வேடிக்கையான முரண் ஒன்றும் உண்டு: சோம்பலால் 7ஆம் பதிப்பிலேயே தங்கிவிட்டவர்களுக்கு 2024 ஜூன் 30 வரை பாதுகாப்பு மேம்படுத்தல்கள் கிடைத்தன, முன்யோசனையோடு 8க்கு மாறியவர்கள் ஓராண்டில் தெருவில் நின்றனர்.

இயற்பியலாளர்கள் இதில் இருமுறை அடிபட்டவர்கள். அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகம், செர்ன் ஆகியவற்றின் முயற்சியில் உருவான சயின்டிஃபிக் லினக்ஸ் பல ஆண்டுகள் துகள் இயற்பியலின் பொதுத்தளமாக இருந்தது. 2019 ஏப்ரலில், இனி 8ஆம் பதிப்பை வெளியிடப் போவதில்லை, சென்ட்ஓஎஸ் 8க்கே மாறுவோம் என்று ஃபெர்மி ஆய்வகம் அறிவித்தது. சொந்த வீட்டை விட்டு வாடகை வீட்டுக்குப் போன 20 மாதங்களில் வீட்டுக்காரர் வெளியேறச் சொன்ன கதையாயிற்று. பிறகு ராக்கி லினக்ஸும் அல்மாலினக்ஸும் அந்த இடத்தை நிரப்ப எழுந்தன; 2022 டிசம்பரில் செர்னும் ஃபெர்மி ஆய்வகமும் அல்மாலினக்ஸைப் பரிந்துரைத்தன. 2023 ஜூனில் ரெட்ஹாட் தன் மூலநிரலைப் பொதுவில் வெளியிடும் முறையையும் சுருக்கிக்கொண்டபோது, அந்த இரு வழங்கல்களும் வெவ்வேறு பாதைகளை எடுத்தன. ராக்கி முழுமையான நகலாகவே தொடர முயன்றது. அல்மா நகலாக இருப்பதைக் கைவிட்டு, ரெட்ஹாட்டுக்காகத் தொகுக்கப்பட்ட நிரல்கள் தன்னிடமும் ஓடும் என்ற உறுதியோடு நிறுத்திக்கொண்டது. ஒரு வழங்கலைத் தேர்வது அதன் பின்னால் முடிவெடுப்பவர்களையும் சேர்த்துத் தேர்வதாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வழங்கல்கள் அனைத்துக்கும் கர்னல் ஒன்றுதானே, பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. கர்னல் ஒன்றுதான். ஆனால் ஆய்வாளரின் நிரல் கர்னலோடு நேரடியாகப் பேசுவது குறைவு. இடையில் இருக்கும் நூலகங்களோடுதான் அது பேசுகிறது. அவற்றுள் அடித்தளமானது ஜிலிப்சி எனப்படும் சி மொழி நூலகம். ஒவ்வொரு வழங்கலும் அதன் ஒரு குறிப்பிட்ட பதிப்பில் தன்னை உறைய வைத்துக்கொள்கிறது. சென்ட்ஓஎஸ் 7இல் இருந்தது 2.17, உபுண்டு 22.04இல் இருப்பது 2.35. புதியதில் தொகுத்த நிரலைப் பழையதில் ஓட்டினால், தேவையான ஜிலிப்சி பதிப்பு கிடைக்கவில்லை என்ற ஒரு வரிப் பிழைச்செய்தியோடு அது நின்றுவிடும். மடிக்கணினியில் ஒழுங்காக ஓடிய நிரல் கிளஸ்டரில் ஓடவில்லை என்ற புலம்பல்களில் கணிசமானவை இந்த ஒரு வரியில் முடிபவை.

நின்றுவிடும் நிரல் குறைந்தபட்சம் நேர்மையானது. நிற்காமல் ஓடி வேறொரு விடையைத் தருவதுதான் அச்சுறுத்தக்கது. மூளைப் படிமங்களை அலசும் எஃப்எஸ்எல், ஃப்ரீசர்ஃபர், சிவெட் ஆகிய மென்பொருள்களை வெவ்வேறு லினக்ஸ் தளங்களில் ஓட்டிப் பார்த்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. அதே படிமம், அதே மென்பொருள். தளம் மாறியபோது மூளைப் புறணியின் தடிமன் போன்ற முடிவுகள் மாறின. ஜிலிப்சியின் கணிதச் சார்புகள் பதிப்புக்குப் பதிப்பு நுண்ணளவில் மாறியிருந்தன. ஒற்றைத் துல்லியத் தசமக் கணக்கீட்டில் அந்த நுண்மாற்றம் படிப்படியாகப் பெருகியது என்பதே கண்டறியப்பட்ட முதன்மைக் காரணம். வேதியியலில் 2019இல் மற்றொன்று வெளிச்சத்துக்கு வந்தது. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கணக்கீடுகளுக்குப் பலரும் பயன்படுத்திய ஒரு பைத்தான் நிரல், கோப்புகளை இயங்குதளம் எந்த வரிசையில் தருகிறதோ அந்த வரிசையை அப்படியே நம்பியது. வரிசை தளத்துக்குத் தளம் மாறியது. உபுண்டுவில் ஒரு விடை, விண்டோஸில் வேறொரு விடை. நிரலின் பிழைதான், தளத்தின் பிழையன்று. ஆயினும் எந்தத் தளத்தில் கணக்கிடப்பட்டது என்று கட்டுரையில் எழுதாத ஆய்வாளரால் தம் முடிவு அதில் சிக்கியதா இல்லையா என்பதைக்கூட உடனே சொல்ல இயலாது.

ஆகவே தேர்வை மடிக்கணினியிலிருந்து தொடங்குவது தலைகீழ் வேலை. கணக்கீடு இறுதியாக எந்தக் கணினியில் ஓடப்போகிறதோ அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். துறையின் கிளஸ்டரில் அல்மாலினக்ஸ் 9 இருக்குமானால் அதன் பராமரிப்பு 2032 வரை செல்கிறது; தம் மேசைக்கணினியிலும் அதையே வைத்திருப்பவருக்குப் பாதித் தலைவலி இல்லை. ரோபாட்டியலில் இருப்பவருக்குத் தேர்வே கிடையாது: ரோஸ் 2இன் ஹம்பிள் பதிப்பு உபுண்டு 22.04ஐயும், ஜாஸி பதிப்பு 24.04ஐயும் முதன்மைத் தளமாகக் கொண்டவை. அங்கே ஃபெடோராவின் மேன்மையைப் பற்றி உரையாடுவது பொழுதுபோக்கு. மேட்லேப் போன்ற வணிக மென்பொருள்களும் தாம் ஆதரிக்கும் வழங்கல்களின் பட்டியலை வெளியிடுகின்றன. உரிமத்துக்குப் பணம் கட்டிய துறை அந்தப் பட்டியலை ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும்.

இந்தப் பொருத்தத்தை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதை 2024இன் தொடக்கம் காட்டியது. விஎஸ் கோடு தொகுப்பானின் வழியாகத் தொலைவிலுள்ள சர்வரில் வேலை செய்வது மாணவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. அதன் ஒரு புதிய பதிப்பு, சர்வரில் ஜிலிப்சி 2.28 ஆவது இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. சென்ட்ஓஎஸ் 7 கிளஸ்டர்களில் இருந்தவர்களுக்கு ஒரு காலைப்பொழுதில் கதவு அடைபட்டது. எதிர்ப்புக்குப் பிறகு கால அவகாசம் தரப்பட்டது உண்மை. ஆனால் அந்த நாள்களில் மாணவர்கள் தம் நிரலில் பிழை தேடினர், கடவுச்சொல்லைச் சந்தேகித்தனர், கணினி மையத்துக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பினர். தம் கிளஸ்டரில் ஓடும் இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும் என்ன என்பதை அன்றுதான் பலர் முதன்முதலாக அறிந்தனர்.

கிளஸ்டரின் கட்டாயம் இல்லாதவர்க்கு விடை எளிது. எளிதாக இருப்பதாலேயே பலருக்கு அது சுவைப்பதில்லை. டெபியனின் நிலையான பதிப்பு, அல்லது உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. உபுண்டு 24.04க்கு 2029 வரை வழக்கமான பராமரிப்பு உண்டு. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, முதல் 3 ஆண்டு முழு ஆதரவையும் பின்னர் தன்னார்வலர்களும் ஆதரவு நிறுவனங்களும் சுமக்கும் நீட்டிப்பையும் சேர்த்து 2030 வரை செல்லும். இவ்விரண்டில் எது என்ற சண்டைக்குள் நுழைய வேண்டியவர்கள் சிலரே. அண்மைக்கால மடிக்கணினியும் அதிவேக வரைகலை அட்டையும் உடையவர்க்கு உபுண்டு இசைவானது. டெபியனில் வைஃபை இயங்காது என்ற பழைய குற்றச்சாட்டு 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்போடு பெரும்பாலும் காலாவதியாகிவிட்டது. கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரையும் நிறுவியிலேயே சேர்ப்பதென்று டெபியன் உறுப்பினர்கள் 2022இல் வாக்களித்து முடிவெடுத்தனர். மறுபுறம், உபுண்டு ஃபயர்ஃபாக்ஸ் போன்றவற்றை ஸ்னாப் வடிவத்தில் தருகிறது. மாணவர்களின் முகப்பு அடைவுகள் வழக்கமான இடத்தில் இல்லாமல் வலையமைப்பில் வேறிடத்தில் இருக்கும் துறை ஆய்வகங்களில் அது தொல்லை தரும். வணிக நிறுவனம் ஒன்றின் மனமாற்றத்துக்கு ஆட்படாதது என்ற ஒரு காரணத்துக்காகவே டெபியனை முன்வைப்பவர்களின் வாதம், 2020க்குப் பின் முன்னைவிட வலுவாக ஒலிக்கிறது.

ஃபெடோரா நன்கு செய்யப்பட்டது. ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாத ஆயுள்தான். ஓர் ஆய்வேட்டுக் காலத்தில் நான்கைந்து முறை மேம்படுத்த வேண்டியிருக்கும். ஆர்ச் லினக்ஸுக்குப் பதிப்பு என்பதே இல்லை. அது ஓடும் ஆறு. அதில் கற்றுக்கொள்ளக் கிடைப்பது மிகுதி, அதன் விக்கி ஆவணம் எந்த வழங்கலைப் பயன்படுத்துவோருக்கும் உதவும் பொக்கிஷம். இரண்டாவது கணினியிலோ மெய்நிகர் கணினியிலோ அதை வைத்துக் கற்பதில் யாருக்கும் தடையில்லை. மூன்றாம் ஆண்டில் வரைந்த வரைபடத்தை ஐந்தாம் ஆண்டில் மதிப்பீட்டாளர் கேட்டதற்காக மீண்டும் வரைய வேண்டிய கணினியில் அது இருக்கலாகாது. காளி லினக்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது. ஊடுருவல் சோதனை செய்வோருக்காக ஆக்கப்பட்ட அதனை, அன்றாடப் பயன்பாட்டுக்கும் லினக்ஸுக்குப் புதியவர்களுக்கும் ஏற்றதன்று என்று அதன் ஆவணமே கூறுகிறது. எனினும் டிராகன் படத்தின் கவர்ச்சியால் பொருளியல் மாணவரின் மடிக்கணினியிலும் அது காணப்படுகிறது.

கலைப்புலத்தாரை இத்தகைய உரையாடல்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. தமிழ் ஆய்வாளருக்குத் தேவையானவை தமிழ்99 விசைப்பலகை, எழுத்துருக்கள், ஒளியெழுத்துணரி, மேற்கோள் மேலாண்மை, சீடெக் அல்லது லிப்ரெஆபிஸ். இவற்றில் பெரும்பாலானவை டெபியனிலும் உபுண்டுவிலும் களஞ்சியத்திலேயே கிடைக்கின்றன. டெஸராக்ட் ஒளியெழுத்துணரியின் தமிழ்ப் பொதியும் அவற்றுள் ஒன்று. கவனிக்க வேண்டியது டெக் லைவின் பதிப்பு. நிலையான வழங்கல்கள் அதையும் உறைய வைக்கின்றன: டெபியன் 12இல் இருப்பது டெக் லைவ் 2022. நெறியாளர் ஓவர்லீஃபில் புதிய பதிப்பில் எழுத, மாணவர் பழையதில் தொகுக்க, ஒரே கட்டுரை இரு வேறு பக்க அமைப்போடு வரும். டெக் லைவை மட்டும் தனியே நிறுவிக்கொள்வது இதற்குப் போதும். அதற்காக இயங்குதளத்தையே மாற்றுவது வீட்டு ஓட்டில் ஒழுக்கு என்று ஊரை மாற்றுவது போன்றது.

தொழில்நுட்பத்தைவிட இந்திய ஆய்வகங்களில் கனமான காரணி ஒன்று உண்டு: ஆள். 3 ஆண்டுத் திட்ட நிதியில் வாங்கிய சர்வர், அதை நிறுவிய இளநிலை ஆய்வாளர் வேறு வேலைக்குப் போனதும் மேசைக்கடியில் அநாதையாகிறது. ரூட் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. மின்வெட்டுக்குப் பிறகு அது தானாக எழுந்துகொண்டால் அனைவரும் நிம்மதியடைகின்றனர். அந்த இளநிலை ஆய்வாளர் தம் விருப்பத்துக்கு ஓர் அரிய வழங்கலை நிறுவியிருந்தால், பின்வருபவர் அதைக் கற்பதைவிட அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதையே தேர்வார். அதனோடு முந்தைய கணக்கீடுகளின் சூழலும் அழியும். அருகில் உள்ளவர்க்குத் தெரிந்த இரண்டாந்தர வழங்கல், ஒருவருக்கும் தெரியாத முதல்தர வழங்கலைவிட ஆய்வகத்துக்கு நல்லது.

கேரளமும் தமிழ்நாடும் இதற்கு எதிரெதிர்ச் சான்றுகள். கேரளப் பள்ளிக் கல்வித்துறை முதலில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடியாகக் கொண்டு தன் பள்ளிகளுக்கென்றே வழங்கல் ஒன்றை ஆக்கியது. பாடநூலை அதற்கேற்ப எழுதியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சிடாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதுவும் டெபியனை அடியாகக் கொண்டதுதான், தமிழ் இடைமுகமும் அதில் இருந்தது. ஆனால் அதைத் திறந்து காட்டப் பள்ளியில் ஆசிரியர் இல்லை, அதில் செய்ய வேண்டிய பாடமும் இல்லை. விண்டோஸுக்கு அருகில் ஒரு தெரிவாக அது திரையில் தோன்றி மறைந்தது. நாட்டுப் பெயர் தாங்கிய வழங்கல்களை ஆதரிக்க வேண்டும் என்று கருத்தரங்குகளில் எழும் குரல், பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் உரிய பணியிடங்களைப் பற்றியும் சேர்த்துப் பேசினால் பொருளுடையதாகும்.

கன்டெய்னர் வந்துவிட்ட காலத்தில் இந்தக் கவலையெல்லாம் எதற்கு என்ற மறுப்பு நியாயமானதே. அப்டெய்னர் படிமம் ஒன்றுக்குள் தமக்கு வேண்டிய நூலகங்களைப் பூட்டிக்கொண்டால், கிளஸ்டரில் எது இருந்தாலும் நிரல் ஓடும். ஜிலிப்சிச் சிக்கலும் பெரும்பாலும் தீரும். ஆய்வு மாணவர் கற்க வேண்டிய கருவிகளுள் இது முன்வரிசையில் வைக்கத்தக்கது. ஆனால் அந்தப் படிமத்தின் முதல் வரியிலேயே ஒரு வழங்கலின் பெயரும் பதிப்பும் எழுதியாக வேண்டும். கேள்வி இடம் மாறியதே தவிர மறையவில்லை. கர்னலும் வரைகலை அட்டையின் டிரைவரும் கன்டெய்னருக்கு வெளியிலிருந்தே வருகின்றன. பதிப்பைக் குறிக்காமல் 'அண்மையது' என்று மட்டும் எழுதிவைத்த படிமம், அடுத்த ஆண்டு கட்டும்போது வேறொன்றாக இருக்கும்.

எனவே நெறியாளர்கள் செய்யக்கூடியது சிறியது. ஆய்வகத்துக்கென ஒரு வழங்கலை, அதன் ஓய்வு ஆண்டோடு, சுவரிலோ பொது ஆவணத்திலோ எழுதி வைப்பது. ஒரு கணக்கீட்டுத் தொடரின் நடுவில் மேம்படுத்துவதில்லை, கட்டுரை அனுப்பிய பின் மேம்படுத்துவது என்று விதி செய்வது. பழைய கணினியை அழிக்குமுன் முக்கியமான ஒரு முடிவையேனும் புதியதில் மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுவது. ஆய்வேட்டின் முறையியல் இயலில் நுண்ணோக்கியின் மாதிரி எண்ணையும் வேதிப்பொருளின் தூய்மை விழுக்காட்டையும் எழுதக் கட்டாயப்படுத்தும் துறைகள், கணக்கிட்ட கணினியின் வழங்கல், பதிப்பு, கர்னல், நூலகங்கள் ஆகியவற்றுக்கு அரைப்பக்கம் கேட்பதில்லை. அந்த அரைப்பக்கத்தை நிரப்ப மூன்று நான்கு கட்டளைகளின் வெளியீடு போதும். ஆய்வு தொடங்கும் நாளில் அவற்றை ஓட்டி ஒரு கோப்பில் சேமித்து, ஒவ்வொரு மேம்படுத்தலுக்குப் பிறகும் தேதியிட்டுச் சேர்த்துக்கொண்டே வரும் மாணவர், வாய்மொழித் தேர்வில் அந்தக் கேள்வி வரும்போது பழைய மின்னஞ்சல்களைத் துழாவ வேண்டியிராது.